சமாதானம் என்ற படகும் றப்பர் ஆறுகளும்

மத்திய ஆபிரிக்கா பற்றிய பழைய பயணப் புத்தகங்களைப் புரட்டினால், 'வெளியுலகத் தொடர்பே இல்லாத மக்கள்' என்ற சொற்றொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அதை எழுதினவர்கள் படகில் வந்தவர்கள். கரையில் நின்று அந்தப் படகைப் பார்த்தவர்கள் தங்களைப் பற்றி அப்பிடி நினைத்திருப்பார்களா? யாருடைய 'வெளி', யாருக்கு அது தெரியாமல் இருந்தது? ஜோர்ஜ் கிரென்பெல் என்ற பப்டிஸ்ட் மிசனரி கொங்கோவின் கிளையாறுகளில் போன பயணங்களை வைத்து இந்தக் கேள்வியை நாங்கள் கேட்டுப் பார்க்கிறோம்.

கிரென்பெல் 1849இல் இங்கிலாந்தின் கோர்ன்வோலில் பிறந்தவர். பர்மிங்ஹாமில் இரும்புச் சாமான்களும் இயந்திரங்களும் விற்கிற ஒரு நிறுவனத்தில் வேலை பழகினார். 1875இல் கமரூனுக்கு மிசனரியாகப் போய், சில வருசங்களில் கொங்கோவுக்கு மாறினார். லீட்ஸ் நகரத்துப் பணக்காரரான றொபேட் ஆர்திங்டன் கொங்கோ ஆற்றில் ஓட ஒரு நீராவிப் படகு வேணும் என்று காசு கொடுத்தார். தேம்ஸ் நதிக்கரையில் 1882இல் அந்தப் படகு கட்டப்பட்டது. 70 அடி நீளம். ஆழமில்லாத தண்ணியிலும் ஓடக்கூடிய மாதிரி அடிப்பகுதி. பெயர் 'பீஸ்', அதாவது சமாதானம்.

ஆனால் கடலிலிருந்து நேரே ஆற்றுக்குள் அதைக் கொண்டுபோக முடியாது. கொங்கோ ஆறு கடலைச் சேர முன்னம் சுமார் 350 கிலோமீற்றருக்கு அருவிகளும் பாறைகளுமாக விழுந்து வருகிறது. அதுக்கு மேலேதான் 1,600 கிலோமீற்றருக்கு மேல் தடையில்லாத நீர்வழி. ஆகவே படகைக் கழற்றி, ஏறத்தாழ 800 சுமைகளாகக் கட்டி, ஆபிரிக்கச் சுமைகாரர்களின் தலையில் ஏற்றி மேலே அனுப்பினார்கள். அதைப் பொருத்த இங்கிலாந்திலிருந்து வந்த பொறியியலாளர்கள் காய்ச்சலில் இறந்துபோனார்கள். கடைசியில் கிரென்பெல்லே ஆபிரிக்கத் தொழிலாளர்களோடு சேர்ந்து பொருத்தி, 1884இல் தண்ணியில் இறக்கினார். பொறியியலாளர்களின் மரணம் மிசன் வரலாறுகளில் தியாகமாக இடம் பிடித்திருக்கிறது. 800 சுமைகளைத் தூக்கிய தலைகளில் ஒன்றுக்கும் அங்கே பெயரில்லை.

1884 தொடக்கம் 1886 வரை இந்தப் படகு கொங்கோவின் கிளையாறுகளில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஏறியது. 1885 தொடக்கத்தில் உபாங்கி ஆற்றில், இன்றைய பாங்கி நகரத்துக்குப் பக்கத்திலிருக்கும் சொங்கோ விரைவோட்டங்கள் வரை போனது. அதே வருசம் லுலோங்கா, மரிங்கா, புசிரா, சுவாப்பா ஆறுகள். பிறகு கசாய், சங்குரு. படகு விறகில் ஓடியது. பின்னேரமானால் கரையில் கட்டிவிட்டு, அடுத்த நாளுக்கு விறகு வெட்ட வேணும். சில பயணங்களில் அவருடைய மனைவி றோஸும் கைக்குழந்தையும் கூட இருந்தார்கள். றோஸ் ஜமேய்க்காவில் பிறந்த கறுப்பினப் பெண். இந்த வரலாற்றில் அவர் அநேகமாக 'கிரென்பெல்லின் மனைவி' என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுவார்.

சில ஊர்களில் வரவேற்பு, சில ஊர்களில் அம்பு. உபாங்கிக் கரையில் மரங்களுக்கு மேலே கட்டிய குடில்களிலிருந்து அம்புகள் பறந்தன. படகில் கம்பிவலை கட்டியிருந்தபடியால் அவர்கள் தப்பினார்கள். 'காட்டுமிராண்டிகள்' என்று எழுதி முடிக்க வசதியான காட்சிதான். ஆனால் மரத்தில் வீடு கட்டுவது சும்மா நடக்கிற காரியமில்லை. மேலே ஏறிப் பாதுகாப்புத் தேடுகிற ஆக்கள் கீழே எதையோ பார்த்துப் பயந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அடிமை பிடிக்கும் கூட்டங்கள் ஆறுகளில் திரிந்தன. பிரதான ஆற்றிலோ 1877இல் ஸ்ரான்லி துப்பாக்கிகளோடு இறங்கிவந்தார். அந்தப் பயணத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மோதல்களை அவரே கணக்கு வைத்திருக்கிறார். தெரியாத படகு வந்தால் என்ன நடக்கும் என்று ஆற்றங்கரை மக்களுக்கு நல்லாத் தெரியும். அம்பு விட்டது அறியாமையாலா, அனுபவத்தாலா?

சரி, அவர்கள் 'தொடர்பே இல்லாதவர்கள்' தானா? பொபாங்கி மக்கள் பெரிய வள்ளங்களில் நூற்றுக்கணக்கான மைல்கள் போய் வந்த வியாபாரிகள். யானைத் தந்தம், மீன், மண்பானை, மரவள்ளி எல்லாம் அவர்களுடைய வள்ளங்களில் ஏறின. அடிமைகளும் ஏறினார்கள், அதையும் மறைக்கத் தேவையில்லை. பித்தளைக் கம்பிகள் காசாகப் புழங்கின. அவர்களுடைய வியாபார மொழியிலிருந்து வளர்ந்த லிங்காலாவை இன்று கோடிக்கணக்கான ஆக்கள் பேசுகிறார்கள். சுவாப்பா பக்கத்தில் கிரென்பெல் சந்தித்த பட்வா வேட்டைக்காரர்கள்கூடத் தனித்து வாழவில்லை. வேட்டை இறைச்சியைக் கொடுத்துவிட்டு, பக்கத்து விவசாயிகளிடம் வாழைக்காயும் மரவள்ளியும் வாங்கினார்கள்.

மரவள்ளியையே எடுத்துப் பாருங்கோ. அது தென்னமெரிக்கப் பயிர். போர்த்துக்கேயரோடு அத்திலாந்திக் கரைக்கு வந்து, ஆபிரிக்கர்களின் கை மாறி மாறி உள்நாட்டுக்குள் போனது. கிரென்பெல் போய்ச் சேர முன்னமே அது அந்தக் கரைகளின் அன்றாடச் சாப்பாடாகிவிட்டது. தென்னமெரிக்கக் கிழங்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மக்களைத்தான் உலகத் தொடர்பில்லாதவர்கள் என்று எழுதினார்கள்.

கிரென்பெல் பயணம் செய்துகொண்டிருந்த அதே மாதங்களில், 1884 நவம்பர் முதல் 1885 பெப்ரவரி வரை, பேர்லின் மாநாடு நடந்தது. 14 நாடுகளின் பிரதிநிதிகள் இருந்தார்கள். ஆபிரிக்கர் ஒருவரும் இல்லை. அதோடு கொங்கோ, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் கைக்குப் போனது. அதுவும் பெல்ஜியம் என்ற நாட்டுக்கில்லை, அவருடைய சொந்தச் சொத்து மாதிரி. 1887இல் கிரென்பெல் வரைந்த ஆற்று வரைபடங்களுக்காக லண்டன் றோயல் புவியியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அதே வருசம் உபாங்கி ஆறு, பிரான்சுக்கும் லியோபோல்டின் அரசுக்கும் இடையிலான எல்லையாகியது. இரண்டு கரைகளிலும் மீன்பிடித்து, வள்ளத்தில் குறுக்கும் நெடுக்கும் போய்வந்த மக்களுக்கு அது நடுத்தெரு மாதிரி. வரைபடத்தில் அது வேலியாகிவிட்டது. இன்றைக்கும் அது எல்லைதான்.

1888இல் டன்லப் காற்றடைத்த ரயரைக் கொண்டுவந்தார். றப்பரின் விலை ஏறியது. கொங்கோக் காட்டில் றப்பர் கொடி இருந்தது. கிரென்பெல் 1885இல் ஏறிப் பார்த்த லுலோங்கா, மரிங்கா ஆற்றுப் படுகை, 1892இல் தொடங்கிய 'அபீர்' என்ற கம்பனிக்குக் குத்தகையாகப் போனது. ஊருக்கு ஊர் றப்பர் அளவு விதித்தார்கள். ஆம்பிளைகள் காட்டுக்குள் போய்க் கொண்டுவரும் வரைக்கும் பெண்களைப் பணயமாகப் பிடித்துவைத்தார்கள். அளவு குறைந்தால் சவுக்கு, துப்பாக்கி. சுட்ட தோட்டாவுக்குக் கணக்குக் காட்டக் கைகளை வெட்டினார்கள். 1904இல் மரிங்கா கரையிலிருந்த பரிங்காவில், நிசாலா என்ற தகப்பன் தன் சின்ன மகளின் வெட்டுண்ட கையையும் காலையும் பார்த்தபடி இருக்கிறார். அந்தப் படத்தை எடுத்த அலிஸ் சீலி ஹரிஸும் ஒரு மிசனரிதான்.

இதெல்லாம் நடக்கும்போது கிரென்பெல் எங்கே நின்றார்? நேரான பதில் இல்லை. 1890இல் லியோபோல்டின் அதிகாரிகள் அவருடைய 'பீஸ்' படகையே பறித்துக்கொண்டார்கள். பிறகு திருப்பிக் கொடுத்து நட்டஈடும் கொடுத்தார்கள். அதுக்குப் பிறகும் அவர் அந்த அரசை நம்பினார். அங்கோலா எல்லையை அளக்கும் ஆணையாளராக அதே அரசுக்காக வேலை செய்தார். 1896இல் லியோபோல்ட் 'சுதேசிகளைப் பாதுகாக்கும் ஆணைக்குழு' ஒன்றை அமைத்தபோது கிரென்பெல்தான் செயலாளர். அங்கத்தவர்கள் ஒருவருக்கொருவர் தூரத்தில் இருந்தார்கள், றப்பர்க் கொடுமை நடந்த இடங்களுக்கு இன்னும் தூரத்தில். குழு கூடியதே அரிது. ஐரோப்பாவில் எழுந்த கண்டனங்களுக்குக் காட்ட ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான்.

1903இல் பிரித்தானியக் கொன்சல் றோஜர் கேஸ்மன்ட் அதே ஆற்றில் மேலே போனார். லுக்கொலேலா என்ற ஊரில் 1887இல் 5,000 பேர் இருந்ததாகவும், இப்போது 600 பேரும் இல்லை என்றும் எழுதினார். உறக்க நோய், சாப்பாட்டுக் குறைவு, கட்டாய வேலை எல்லாம் சேர்ந்த அழிவு அது. நீராவிப் படகுகளுக்கு விறகு வெட்டிக் கொடுப்பதும் கரையோர ஊர்களின் கட்டாயக் கடமையாகியிருந்தது. 1904இல் விசாரணைக் குழு வந்தபோது கிரென்பெல் தன்னுடைய ஏமாற்றத்தைச் சொன்னார். 1906இல் பசோக்கோவில் இறந்தார். 1908இல் கொங்கோ லியோபோல்டிடமிருந்து பெல்ஜியத்துக்குக் கைமாறியது. விடுதலைக்கு இன்னும் 52 வருசம்.

கிரென்பெல்லை வில்லனாக்கிவிட்டால் இந்தக் கதை லேசாகிவிடும். அவர் அம்பு விட்ட ஊர்களைச் சுட்டெரிக்கவில்லை. பொபாங்கி மொழியைப் படித்தார். அடிமைப் பிள்ளைகளை மீட்டு வளர்த்தார். அந்தப் பயணங்களில் கூடவந்த குழந்தை வளர்ந்து 1899இல் காய்ச்சலில் இறந்தபோதும் அவர் அந்த மண்ணை விட்டுப் போகவில்லை. பிரச்சினை அவருடைய மனசிலில்லை. நல்ல மனசோடு சேகரித்த அறிவு யார் மேசைக்குப் போனது என்பதில்தான் இருக்கிறது. ஆற்றின் ஆழம், வளைவு, ஊர்களின் பெயர், எங்கே படகு கட்டலாம் என்ற தகவல் எல்லாம் சுவிசேஷத்துக்கு எவ்வளவு உதவுமோ, அவ்வளவுக்குக் கம்பனிக்கும் உதவும்.

இன்றைக்கும் மக்களிடம் போய்த் தகவல் சேகரிக்கிற ஆக்கள் குறைவில்லை. ஆய்வு, கணக்கெடுப்பு, அபிவிருத்தித் திட்டம் என்று பெயர்கள் வேறு. 'நோக்கம் நல்லது' என்ற பதில் போதாது. இந்த வரைபடம் கடைசியில் யாருடைய கையில் இருக்கும், அதில் இருக்கிற மக்கள் அதைப் பார்க்க, திருத்த, வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்றும் கேட்க வேணும்.

கொங்கோவின் காட்டு றப்பர் தன் இடத்தை இழந்ததற்கு மனச்சாட்சி மட்டும் காரணமில்லை. 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து றப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவின் ஹெனரத்கொடையில் அவற்றை நட்டார்கள். 1910களில் இலங்கையிலும் மலாயாவிலும் வளர்ந்த தோட்ட றப்பர் காட்டு றப்பரைச் சந்தையில் முந்திவிட்டது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பங்கினர் தமிழ்த் தொழிலாளர்கள். உலகத்து ரயர்களுக்கான சுமை ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு மாறியது. அந்தக் கரையிலும் சுமந்தவர்களின் பெயர்களை ஒருவரும் எழுதிவைக்கவில்லை.