உலாவிக்குள் வந்த ஸ்லைடு

சில ஆண்டுகளுக்கு முன், வட இந்தியப் பல்கலைக்கழகமொன்றில் தமிழ்க் கல்வெட்டுகள் குறித்து உரையாற்றச் சென்றிருந்தேன். முதல் ஸ்லைடு திரையில் விரிந்தபோது மேற்கோள்கள் இருந்த இடத்தில் ரோமன் எழுத்துகளும் குறியீடுகளும் கலந்து கிடந்தன. பழைய குறியேற்றத்தில் தட்டச்சிட்டவை அவை. அதற்குரிய எழுத்துரு அரங்கக் கணினியில் இல்லை. அன்று எழுந்த எரிச்சலே இந்த வரலாற்றைத் தேட வைத்தது.

1987 ஏப்ரலில் ஃபோர்தாட் நிறுவனம் மேக்கின்டாஷ் கணினிக்காகப் பவர்பாயின்ட்டை வெளியிட்டது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. ஸ்லைடு என்றாலே ஒரு நிறுவனத்தின் கோப்பு என்னும் நிலை அதன்பின் உருவாயிற்று. அக்கோப்பின் உள்ளமைப்பும் நெடுங்காலம் மூடியே இருந்தது.

மாற்று வழி ஆரவாரமின்றித்தான் வந்தது. ஓபரா உலாவி முன்பே வலைப்பக்கத்தை ஸ்லைடுகளாகக் காட்டும் வசதியைத் தந்திருந்தது. 2004-இல் எரிக் மேயர் எஸ்5 என்னும் முறையை உருவாக்கி, எவரும் எடுத்தாளலாம் எனப் பொதுவுடைமையாக்கினார். அதில் உரை முழுவதும் ஒரே எச்டிஎம்எல் பக்கம். தோற்றத்தைச் சிஎஸ்எஸ் கவனித்துக்கொள்ளும், ஸ்லைடுகளை மாற்றுவதை ஜாவாஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். அச்சிட்டால் அதுவே குறிப்பேடு. என் பார்வையில் இத்துறையின் உண்மையான திருப்பம் இதுதான். மறு ஆண்டு டேவ் ராகெட்டின் ஸ்லைடி வந்தது.

ஆனால் வலைப்பக்கம் திரைக்கேற்ப நீண்டு சுருங்குவது. ஸ்லைடோ அளவு மாறாதது. இந்த முரணை ஹக்கிம் எல் ஹத்தாபின் ரிவீல்.ஜேஎஸ் எளிமையாகக் கையாண்டது: 960-க்கு 700 என்ற அளவில் ஸ்லைடை அமைத்து, திரைக்குத் தக்கபடி முழுவதையும் பெரிதாக்கும் அல்லது சிறிதாக்கும். ஏறத்தாழ அதே காலத்தில் வந்த இம்ப்ரெஸ்.ஜேஎஸ் ஸ்லைடுகளை வெளியில் சுழற்றிக் காட்டியது. அதைப் பார்த்து வியந்தவர்களைவிடத் தலைசுற்றியவர்களே அதிகம் என்பேன்.

இவையெல்லாம் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கே உதவின. இலக்கிய மாணவருக்குத் தேவைப்படுவது சுட்டியால் நகர்த்தி, நேரே தட்டச்சிடும் செயலி. அதைக் கட்டுவோர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, எழுத்தை எங்கே வைப்பது என்பதாகும். கேன்வாஸ் பரப்பில் வரைந்தால் படங்களை நகர்த்துவது எளிது. ஆனால் உரை வெறும் புள்ளிகளாகிவிடும், தேட முடியாது. எழுத்துகளைத் தனித்தனியே அளந்து வரையும் நிரலாயின் தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 'கொ' என்பதில் ககரத்தை அடுத்துச் சேமிக்கப்படும் உயிர்க்குறி, திரையில் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். பக்கத்தின் சாதாரண உறுப்பாக உரையை வைத்தால், குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் உள்ள ஹார்ஃப்பஸ் என்னும் திறமூல நிரலகமே அதைச் சரியாக அமைத்துத் தரும். சமன்பாடுகள் வேண்டுவோருக்கு மேத்ஜாக்ஸ் உண்டு.

ஆகவே தமிழில் பணிபுரியும் ஆய்வு மாணவர்கள் இத்தகைய செயலியைத் தேர்ந்தாலும் சரி, தாமே கட்டினாலும் சரி, 'கொடுத்தான்' என்று தட்டச்சிட்டு, திரையிலிருந்து அதை நகலெடுத்து வேறோரிடத்தில் ஒட்டிப் பாருங்கள். பாதிக் குறைகள் அதிலேயே தெரிந்துவிடும்.

அந்தப் பழைய உரையை இப்போது ரிவீல்.ஜேஎஸ்-இல் மீண்டும் அமைத்துவிட்டேன். எழுத்துருக் கோப்பும் அதே கோப்புறையில் இருக்கிறது. ஸ்லைடுகளை அமைக்க ஒரு மாலைப்பொழுது போதுமாயிற்று. மேற்கோள்களை ஒருங்குறிக்கு மாற்றிச் சரிபார்க்கத்தான் இரண்டு வாரங்கள் பிடித்தன.