ஆனந்துக்கு முன்னால் யார்?



சென்ற வாரம் குகேஷ் பற்றி நான் போட்ட சிறு பதிவுக்குக் கீழே என் தங்கை மகன் ஒரு வரி எழுதியிருந்தான்: "மாமா, ஆனந்துக்கு முன்னாடி நம்ம நாட்டுல செஸ்ஸே கிடையாதே!" அதற்கு பதினேழு பேர் விருப்பக்குறி போட்டிருக்கிறீர்கள். அதில் பாதிப்பேர் என்னிடம் வரலாறு படித்தவர்கள்! பதில் சொல்லாமல் விட்டால் நான் முப்பத்து மூன்று வருடம் சுண்ணாம்புக்கட்டி பிடித்ததற்கு அர்த்தமில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுமையாகப் படியுங்கள்.

நம் தேசிய சதுரங்க சாம்பியன் பட்டப் போட்டி முதன்முதலில் 1955இல் ஆந்திரத்தின் ஏலூரில் நடந்தது. அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பு அதற்கு நான்கு வருடம் முன்பு, 1951இல் தொடங்கப்பட்டிருந்தது. முதல் போட்டியிலேயே ஒரு வேடிக்கை. சாம்பியன் ஒருவர் அல்ல, இருவர். ராமச்சந்திர சாப்ரேயும் டி. வெங்கையாவும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். "முதல் சாம்பியன் யார்?" என்று வினாடி வினாவில் கேட்டால் இரண்டு பெயரையும் சொல்லுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கதை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1928இல், அகில இந்திய அளவில் ஒரு போட்டி நடந்தது. அதில் ஒன்பது ஆட்டங்களில் எட்டில் வென்று, ஒன்றைச் சமன் செய்து முதலிடம் பெற்றவர் மீர் சுல்தான் கான். இன்று பாகிஸ்தானில் இருக்கும் பஞ்சாப் பகுதியைச் சேர்ந்தவர். சர் உமர் ஹயாத் கான் என்ற பெருநிலக்கிழாரின் ஆதரவில் இருந்தவர். மறு வருடம் அவரோடு இங்கிலாந்துக்குப் போனார். போன வருடமே, 1929இல், பிரிட்டிஷ் சாம்பியன்! பிறகு 1932லும் 1933லும் மறுபடி. உலக சாம்பியனாக இருந்த காபபிளாங்காவையே ஒரு ஆட்டத்தில் தோற்கடித்தார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். அவர் சிறு வயதில் கற்றது வேறு ஆட்டம். அன்றைய நாட்டுச் சதுரங்கத்தில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். கோட்டை கட்டுவது கிடையாது; அதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரி தாவலாம். கடைசிக் கட்டத்தைத் தொட்ட சிப்பாய் எல்லாச் சமயமும் ராணியாகிவிடாது. எந்த வரிசையில் போய்ச் சேர்ந்ததோ அந்த வரிசைக்குரிய காயாகத்தான் மாறும். இப்படி வேறு விதிகளில் வளர்ந்த மனிதர், சர்வதேச விதிகளைப் பிறகு கற்றுக்கொண்டு அங்கே போய் வென்றார். அதே வீட்டைச் சேர்ந்த பாத்திமா என்ற பெண்ணும் 1933இல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன் ஆனார். அதன்பின் சுல்தான் கான் ஊருக்குத் திரும்பிவிட்டார். 1966இல் காலமானார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது எப்போது தெரியுமா? 2024இல். இறந்து 58 வருடம் கழித்து.

இப்போது நம் பக்கம் வருவோம். மானுவல் ஆரன். பர்மாவில் 1935இல் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1959இல் முதல் முறை தேசிய சாம்பியன். கடைசி முறை 1981இல். மொத்தம் ஒன்பது முறை! முதல் பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் 22 வருட இடைவெளி. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர். சதுரங்கத்துக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் ஆளும் அவர்தான். 1962இல் ஸ்டாக்ஹோமில் நடந்த இன்டர்சோனல் போட்டியில் கடைசி இடத்தில்தான் முடித்தார். ஆனால் அங்கே போர்டிஷையும் ஊல்மானையும் வீழ்த்தினார். அந்தக் காலத்தில் அந்த இரண்டு பெயரும் சாதாரணப் பெயர்கள் அல்ல.

ஆரனின் பெரிய தொண்டு பட்டங்கள் அல்ல என்பது என் எண்ணம். ஊருக்கு ஒரு விதியாக ஆடிக்கொண்டிருந்த நாட்டைச் சர்வதேச விதிகளுக்குத் திருப்பியதில் அவர் பங்கு பெரிது. 1972இல் சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் டால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். அங்கே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பையன், வென்றால் நாற்காலியில் உட்காரலாம், தோற்றால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும் என்ற முறையில் மின்னல் வேகத்தில் ஆடப் பழகினான். 1983இல் தேசிய சப்-ஜூனியர் போட்டியில் ஒன்பதுக்கு ஒன்பது. 1986இல், பதினாறு வயதில், தேசிய சாம்பியன். 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர். அவன்தான் ஆனந்த். ஆக, ஆனந்துக்கு முன்னால் ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். அவர் உட்கார்ந்த நாற்காலியைப் போட்டு வைத்தவர்கள் இருந்தார்கள்.

போபாலைச் சேர்ந்த ரஃபீக் கான் என்பவரையும் நினைவில் வையுங்கள். தச்சுத் தொழிலாளி. 1980இல் மால்டா ஒலிம்பியாட்டில் மூன்றாவது பலகையில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார்.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி.

பெண்களுக்கான தேசியப் போட்டி 1974இல்தான் தொடங்கியது. முதல் சாம்பியன் மும்பையின் வசந்தி காடில்கர். அவருடைய தங்கைகள் ஜெயஸ்ரீ, ரோகிணி, மூவருமே சாம்பியன்கள். 1976இல், பதிமூன்று வயது ரோகிணி, ஆண்களின் தேசியப் போட்டியில் ஆட உட்கார்ந்தார். இந்தியாவில் அப்படி ஆடிய முதல் பெண். எதிர்ப்பு கிளம்பியது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் உலகக் கூட்டமைப்பின் தலைவர், முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் யூவே, பெண் என்பதற்காக யாரையும் தேசிய, சர்வதேசப் போட்டிகளிலிருந்து தடுக்கக்கூடாது என்று தீர்ப்பாகச் சொன்னார்.

இந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, அன்று வகுப்பில் பெருமையாகச் சொன்னவன் நான். உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம்.

அதற்குச் சில வருடம் கழித்து மாவட்ட அளவில் பள்ளிகளுக்கிடையே சதுரங்கப் போட்டி வந்தது. அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம். அப்போது பத்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். மதிய இடைவேளையில் பையன்கள் எல்லோரையும் தோற்கடிப்பாள். இரண்டு முறை என்னையும்தான். நான் நான்கு பையன்களின் பெயரை எழுதி அனுப்பினேன். "சார், நானும் வரட்டுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "வெளியூர்ல ராத்தங்கணும்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எங்கள் பள்ளியில் அடுத்த வருஷம் ஏது? அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

யாரும் என்னைத் தடுக்கவில்லை. பெண்ணை அனுப்பாதே என்று எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை. அவள் வீட்டில் போய்க் கேட்கக்கூட இல்லை நான். ரோகிணியைத் தடுத்தவர்கள் குறைந்தபட்சம் வெளிப்படையாக நின்று தடுத்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். நான் ஒரு தாளில் பெயர் எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான்.

சென்னையின் விஜயலட்சுமி சுப்பராமன் 2001இல் நாட்டின் முதல் பெண் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைப் பெற்றபோது எல்லோரும் கொண்டாடினோம். எனக்கு அந்தத் தாள்தான் கண்ணில் வந்தது.

தேசிய சாம்பியன்களின் பட்டியலை நான் வரிசையாகப் படிக்கும்போதெல்லாம் இது தோன்றுகிறது. அந்தப் பட்டியலில் ஒரு பெயர் வருவதற்கு முன்னால், எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் ஒரு தாளில் அந்தப் பெயரை எழுதியிருக்க வேண்டும். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏணி எத்தனை படி இருந்தாலும் முதல் படி அந்தத் தாள்தான்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். இரண்டு பேர் தலைமை ஆசிரியர்கள். அடுத்த முறை பெயர்ப்பட்டியல் எழுதும்போது இந்தக் கிழவனை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. எந்த ஊரில் இருக்கிறாளோ, இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பாள். இதைப் படித்தால், அம்மா, தப்பு என்னுடையதுதான். பலகை இன்னும் வீட்டில் இருக்கிறது. ஒரு கறுப்புக் குதிரைக்கு மட்டும் காது உடைந்திருக்கிறது. வந்தால் ஒரு ஆட்டம் போடலாம். வெள்ளைக்காய் உனக்கு.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்