ஓபி-வான் கெனோபி: ஒரு தலைமறைவுக் குருவின் வரலாறு

ஓபி-வான் கெனோபி, ஜார்ஜ் லூக்காஸ் உருவாக்கிய ஸ்டார் வார்ஸ் விண்வெளிக் கற்பனைத் திரைப்படத் தொடரின் முதன்மைக் கதைமாந்தர்களுள் ஒருவர். ஜெடாய் எனப்படும் ஒளிவாள் வீரர்களைப் பேரரசு வேட்டையாடி அழித்த பின்னர், டாட்டூயின் என்னும் பாலைவனக் கோளில் பென் என்ற பெயரில் ஒளிந்து வாழ்பவர். நாயகன் லூக் ஸ்கைவாக்கரின் முதல் குரு. இவரது வரலாறு பின்னிருந்து முன்னாக எழுதப்பட்டது. முதுமையும் இறப்பும் 1977இல் திரைக்கு வந்தன; இளமை 1999இலும், தலைமறைவு ஆண்டுகள் பெரும்பாலும் 2022இலும் காட்டப்பட்டன.

உருவாக்கம்

அகிரா குரோசாவாவின் 'மறைந்த கோட்டை' (1958) என்னும் ஜப்பானியப் படம் லூக்காஸின் தொடக்க வரைவுகளில் பெரும் தாக்கம் செலுத்தியது. தோற்ற நாட்டின் இளவரசியை எதிரி நிலத்தின் வழியே மறைத்து அழைத்துச் செல்லும் தளபதியின் கதை அது. 1974ஆம் ஆண்டு வரைவில் லூக் ஸ்கைவாக்கர் என்ற பெயரே ஒரு முதிய தளபதிக்கு உரியதாக இருந்தது. பின்வந்த வரைவுகளில் அப்பெயர் இளைஞனுக்குச் சென்றது; முதியவர் பாலைவனத் துறவி கெனோபி ஆனார்.

இவ்வேடத்தை ஏற்றவர் பிரித்தானிய நடிகர் அலெக் கின்னஸ். பெரும்பாலும் இலங்கையில் படமாக்கப்பட்ட 'குவாய் ஆற்றுப் பாலம்' (1957) படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருது பெற்றவர். பாலைவனக் காட்சிகள் 1976இல் துனீசியாவில் எடுக்கப்பட்டன. கெனோபியின் குடிலின் வெளித்தோற்றம் அந்நாட்டின் ஜெர்பா தீவில் படமாக்கப்பட்டது.

இறப்பு

கெனோபி உயிர்பிழைப்பதாகவே கதை முதலில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் பகைவரின் விண்கோட்டையிலிருந்து தப்பிய பின் அவருக்குக் கதையில் வேலை இல்லை. அனைவரும் எளிதில் தப்பிவிட்டால் பகைவரின் வலிமையும் குன்றும். படத்தொகுப்பாளரும் லூக்காஸின் மனைவியுமான மார்சியா லூக்காஸ், அவரை இறக்கச் செய்யலாம் என்றார். படப்பிடிப்பின்போது இதை அறிந்த கின்னஸ் முதலில் மனம் வருந்தினார், பின்னர் உடன்பட்டார். இவ்வேடத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார்.

குருவின் பொய்

முதற்படத்தில் கெனோபி லூக்கிடம், தம் பழைய மாணவன் டார்த் வேடரே அவனுடைய தந்தையைக் கொன்றதாகக் கூறுகிறார். இரண்டாம் படத்துக்காக லீ பிராக்கெட் 1978இல் எழுதிய வரைவிலும் வேடரும் லூக்கின் தந்தையும் வெவ்வேறு ஆட்களே. பிராக்கெட் அவ்வாண்டே காலமானார். அடுத்த வரைவைத் தாமே எழுதிய லூக்காஸ் இருவரையும் ஒருவராக்கினார். 1980இல் படம் வெளியானதும் கெனோபியின் பழைய சொல் பொய்யாகிவிட்டது.

1983இல் வெளிவந்த மூன்றாம் படம் இதற்கு விடைகூற வேண்டியிருந்தது. ஆவியாகத் தோன்றும் கெனோபி, ஆனகின் ஸ்கைவாக்கர் வேடராக மாறியபோதே அந்த நல்ல மனிதன் அழிந்தான்; ஆகவே ஒரு நோக்கில் தாம் சொன்னது மெய்யே என்கிறார். லூக் அதை எளிதில் ஏற்பதில்லை. குருவை மீறி, தந்தையிடம் நன்மை எஞ்சியுள்ளதென நம்புகிறான். முடிவில் அந்நம்பிக்கையே வெல்கிறது.

தலைமறைவு ஆண்டுகள்

1999, 2002, 2005ஆம் ஆண்டுகளின் முன்கதைப் படங்களில் யூவன் மெக்கிரெகர் இளைய கெனோபியாக நடித்தார். ஜெடாய்களின் அழிவையும், குழந்தை லூக்கை டாட்டூயினில் உறவினரிடம் ஒப்படைத்துவிட்டு அங்கேயே அவர் தங்குவதையும் 2005ஆம் ஆண்டுப் படம் காட்டியது. முன்கதையில் டாட்டூயின் ஆனகின் வளர்ந்த ஊராகிவிட்டதால் ஒரு முரண் எழுந்தது: வேடரிடமிருந்து மறைக்க வேண்டிய குழந்தை, வேடரின் சொந்த ஊரில், ஸ்கைவாக்கர் என்ற பெயருடனேயே வளர்கிறான். காவலரும் கெனோபி என்ற குடும்பப் பெயரை விடவில்லை. 1977இல் வேடர் அவனுடைய தந்தை அல்லர் என்பதால் அன்று இது குறையாக இருக்கவில்லை.

2022இல் ஆறு பகுதிகளாக வெளிவந்த 'ஓபி-வான் கெனோபி' தொடரை டெபோரா சோ இயக்கினார். முந்தைய நிகழ்வுகளுக்குப் பத்தாண்டுகள் கழித்து நடக்கும் இக்கதையில், கெனோபி கூலி வேலை செய்து வாழ்கிறார். அடைக்கலம் தேடிவரும் மற்றொரு ஜெடாயைக்கூடத் திருப்பி அனுப்பிவிடுகிறார். ஆனகின் உயிரோடிருப்பதையும் இங்கேதான் அறிகிறார். தொடரின் இறுதியில், ஆனகினைக் கொன்றது தானே என்று வேடர் கெனோபியிடம் சொல்கிறார்.

இதனால் 1977இல் லூக்கிடம் கெனோபி சொன்னது, வேடரே தம்மிடம் சொன்னதன் எதிரொலி ஆகிறது. கதைமாற்றத்தால் நேர்ந்த பிழை, மாணவனை இழந்த ஆசிரியர் தம்மைத் தேற்றிக்கொள்ளப் பற்றிக்கொண்ட சொல்லாக மாறியது.