பனிக்காலத்தைப் பாடிய மொழி: ஜப்பானிய ராக் இசையின் குளிர்காலப் பாடல்கள்



பள்ளிக் கலைவிழாவிற்காக ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடல் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தபோது, கித்தார் வாசிக்கத் தெரிந்த மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். "டீச்சர், ராக் பாட்டுக்கெல்லாம் தமிழ் ஒத்து வராது. இங்கிலீஷ்லயே பாடிடறோம்" என்றான். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில், இதே ஐயத்தை 1970ஆம் ஆண்டுவாக்கில் ஜப்பானின் தேர்ந்த இசைக்கலைஞர்களே எழுப்பி, ஏடுகளில் சொற்போர் நடத்தியிருக்கிறார்கள். அந்தச் சொற்போரின் காலத்தில் பிறந்த பாடல்களுள் சில, குளிர்காலப் பாடல்கள். வெயிலையும் மழையையும் அன்றி வேறு பருவம் அறியாத நம் நாட்டில், திசம்பர் மழையைச் சன்னல் வழியே பார்த்தபடி அப்பாடல்களைக் கேட்பது என் நெடுநாள் வழக்கம். அவற்றின் வரலாற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

1966ஆம் ஆண்டு பீட்டில்ஸ் குழுவினர் தோக்கியோவின் புடோக்கான் அரங்கில் பாடினர். அதனையொட்டிய ஆண்டுகளில் ஜப்பானில் மின்கித்தார் குழுக்கள் மளமளவெனப் பெருகின. இசை வந்துவிட்டது, எந்த மொழியில் பாடுவது என்ற கேள்வியும் உடன் வந்தது. உலக அரங்கை எட்ட வேண்டுமாயின் ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும் என்றார் யூயா உச்சிதா. அவர் உருவாக்கிய 'ஃபிளவர் டிராவலின் பேண்ட்' குழுவும் ஆங்கிலத்திலேயே பாடியது.

அவர் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. 'ஸ்ட்ரைக்' என்னும் ஆங்கிலச் சொல்லை ஒரே அடியில் பாடிவிடலாம். ஜப்பானியரின் நாவில் அதுவே 'சு-தொ-ரா-இ-கு' என ஐந்து ஒலிகளாக விரிந்துவிடும். ஏறத்தாழ எல்லா அசைகளும் உயிரொலியில் முடிகின்ற மொழி அது. முரசின் அடிக்குள் அதனை அடைப்பது எளிதன்று.

மறுதரப்பில் நின்றது 'ஹாப்பி எண்ட்' என்னும் குழு. ஹருவோமி ஹொசோனோ, எயிச்சி ஓத்தாக்கி, தக்காஷி மட்சுமோட்டோ, ஷிகெரு சுசுக்கி ஆகிய நால்வர் அதன் உறுப்பினர்கள். ஆங்கிலப் பெயரைச் சூட்டிக்கொண்டாலும் அதனை ஜப்பானிய எழுத்திலேயே எழுதினார்கள். அவர்களுடைய முதல் இசைத்தட்டு 1970 ஆகஸ்டில் வெளிவந்தது. முதல் பாடலின் பெயர் 'ஹருயோ கோய்'. 'வசந்தமே வா' என்பது பொருள். பெயரில் வசந்தம் இருந்தாலும் பாடலில் நிகழ்வது குளிர்காலம். வீட்டை விட்டு வந்த ஓர் இளைஞன், குடும்பத்தோடு கொண்டாடிய புத்தாண்டை எண்ணியபடி தனியே அமர்ந்திருக்கிறான். அதே தட்டில் 'ஜூனிகட்சு நோ அமே நோ ஹி', அதாவது 'திசம்பரில் ஒரு மழைநாள்' என்ற பாடலும் உண்டு. இரண்டுக்கும் சொல் மட்சுமோட்டோவுடையது, இசை ஓத்தாக்கியுடையது.

மொழி ஒத்து வருமா என்ற கேள்விக்கு அவர்கள் கட்டுரை எழுதி மட்டும் விடை சொல்லவில்லை. தங்கள் தெருவில் பெய்த மழையைப் பாடிக் காட்டினார்கள். ஒலிகள் நீண்டால் நீளட்டும் என்று இசையை அவற்றுக்கேற்ப வளைத்தார்கள்.

அவர்கள் பருவத்தைக் கையில் எடுத்தது வியப்பன்று. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட 'கொக்கின்ஷூ' என்னும் பாட்டுத்தொகை இருபது பகுதிகளைக் கொண்டது. அவற்றுள் முதல் ஆறும் பருவப் பாடல்களே. ஹைக்கூ எழுதுவோர் பருவத்தை உணர்த்தும் சொல் ஒன்றை அமைப்பது மரபு. கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சிக்கு உரிய பொழுதுகளாக வகுத்த இலக்கணத்தைப் பயிற்சிக் கழகத்தில் படித்த எனக்கு, இந்த மரபு அயலாகத் தோன்றவில்லை.

ஹாப்பி எண்ட் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் இறுதியில் கலைந்தது. ஆயினும் மட்சுமோட்டோவும் ஓத்தாக்கியும் மீண்டும் இணைந்தார்கள். 1981இல் வெளிவந்த ஓத்தாக்கியின் 'எ லாங் வெக்கேஷன்' தட்டு கோடைக்காலக் கடற்கரையின் இசையாகவே பெயர் பெற்றது. ஆனால் அது முடிவடைவதோ 'சராபா சைபீரியா தெட்சுதோ', அதாவது 'சைபீரிய இரயிலே, போய் வா' என்ற பனிப்பாடலில்!

இனி வடக்கே செல்வோம். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. மலைகளில் மோதி, மேற்குக் கரையோரத்திலும் வடக்கிலும் பனியாகக் கொட்டுகிறது. கிழக்கே உள்ள தோக்கியோவுக்கு வருவது பெரும்பாலும் வறண்ட காற்றுதான். ஆகவே தோக்கியோவின் குளிர்காலம் வேறு. வடக்கின் குளிர்காலம் வேறு.

அந்த வடக்கே, ஹொக்கைடோ தீவின் ஹக்கோடாடே துறைமுக நகரில் 1988இல் தோன்றியது 'கிளே' குழு. தலைநகருக்குச் சென்று புகழ்பெற்ற பின், 1999 பிப்ரவரியில் 'வின்டர், அகேய்ன்' என்ற பாடலை வெளியிட்டது. தலைப்பு ஆங்கிலம், பாடலோ ஜப்பானிய மொழி. தக்குரோ எழுதிய அப்பாடல், அவர்கள் விட்டு வந்த வெண்பனி ஊரை நோக்கித் திரும்பிப் பார்க்கிறது. அவ்வாண்டின் ஜப்பான் இசைத்தட்டுப் பெருவிருது அதற்கே கிடைத்தது. முப்பதாண்டுகளுக்கு முன் மொழி ஒத்து வருமா என்று ஐயுற்ற நாட்டில், ராக் குழுவொன்றின் தாய்மொழிப் பனிப்பாடல் ஆண்டின் தலைசிறந்த பாடலானது!

நான் இவ்விசைக்குள் நுழைந்த வாயில் யமனாஷி மாநிலத்திலிருந்து வந்த 'ரெமியோரோமென்' குழுவின் 'கொனாயுக்கி'. மாவைப் போன்ற நுண்பனி என்பது அதன் பொருள். 2005 நவம்பரில் வெளிவந்த அப்பாடல், 'ஒரு லிட்டர் கண்ணீர்' என்ற தொலைக்காட்சித் தொடரில் ஒலித்தது. நோயோடு போராடி 1988இல் மறைந்த அயா கிதோ என்ற பெண்ணின் நாட்குறிப்பைத் தழுவிய தொடர் அது. பயிற்சிக் கழக விடுதியில் தோழியர் நால்வர் ஒரே குறுவட்டைச் சுற்றி அமர்ந்து பார்த்தோம். மொழி புரியவில்லை. மெல்லத் தொடங்கும் குரல் திடீரென உச்சத்தில் உடைந்து எழுந்தபோது, அறையில் ஒருவரும் பேசவில்லை. அக்குழுவின் 'மார்ச் 9' என்ற பாடலும் அத்தொடரில் இடம்பெற்றது. நண்பர் ஒருவரின் திருமணத்திற்காக எழுதப்பட்ட அப்பாடலை, மார்ச்சு மாதப் பள்ளிப் பிரியாவிடைகளில் மாணவர்கள் இன்றும் பாடுகிறார்கள்.

அதே யமனாஷியில், ஃபுஜி மலையின் வடக்கு அடிவாரத்தில் உள்ளது ஃபுஜியோஷிதா நகரம். 'ஃபுஜிஃபாப்ரிக்' குழுவின் பாடகர் மசஹிக்கோ ஷிமுராவின் சொந்த ஊர் அது. அக்குழு 2004இலும் 2005இலும் நான்கு பருவங்களுக்கு நான்கு பாடல்களை வெளியிட்டது. குளிர்காலத்திற்கு உரியது 'கிங்கா', அதாவது பால்வெளி. சோகம் சிறிதும் இன்றி, குளிர்கால இரவில் விரைந்தோடும் பாடல் அது. ஷிமுரா 2009 திசம்பர் 24ஆம் நாள், 29ஆம் வயதில் காலமானார். 2012 திசம்பரில் அவ்வூர், மாலைப்பொழுதை அறிவிக்கும் ஒலிபெருக்கி இசையாக அவருடைய 'செந்நிற அந்திச் சூரியன்' பாடலின் மெட்டை ஒலிக்கச் செய்தது. ஓர் ஊர் தன் பிள்ளையை நினைவுகூர்வதற்கு இதைவிடச் சிறந்த வழி உண்டோ?

அந்த மாணவனுக்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை. 'சு-தொ-ரா-இ-கு' கதையை மட்டும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். "உனக்குப் பனி தெரியாது; மழை தெரியுமே. உன் வீட்டுத் தகரக்கூரையில் பெய்கின்ற மழையைப் பற்றி நான்கு வரி எழுதி வா" என்றேன். மறுநாள் எழுதி வந்தான். இரண்டாம் வரி தாளத்திற்குள் அடங்கவில்லை. அதைச் சுருக்கட்டுமா என்று கேட்டான்.

"வேண்டாம், தாளத்தைக் கொஞ்சம் நீட்டிப் பார்" என்றேன். இப்போது இடைவேளைதோறும் கித்தாரோடு அமர்ந்து நீட்டிக்கொண்டிருக்கிறான்.