வாழைப்பழம் பாய்ந்து செத்த வீரன்

சினிமாவுல ஒரு வீரன் நெஞ்சில மூணு அம்பு பாய்ஞ்சு சாகிறான். அதே காட்சியை எட்டு வயசுப் பையன் விளையாடுற கேம்ல எப்படிக் காட்டுவீங்க? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

கேம் பேரு 'லெகோ லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. 2012 நவம்பர்ல வந்தது. பீட்டர் ஜாக்சன் 2001, 2002, 2003னு வரிசையா மூணு வருஷம் வெளியிட்ட படங்களை வச்சு செஞ்சது. அமெரிக்காவுல அந்தப் படங்களுக்கு பிஜி-13 சான்றிதழ். மூணையும் சேர்த்தா ஒன்பது மணி நேரத்துக்கு மேல ஓடும். போர், துரோகம், மரணம் எல்லாம் இருக்கு. இதைக் குடும்பமா உட்கார்ந்து விளையாடுற மாதிரி மாத்தணும்னா லேசுப்பட்ட வேலை இல்லை.

அதுக்கு ஒரு முன்கதை இருக்கு. 2003, 2004ல டென்மார்க்கோட லெகோ நிறுவனமே மூழ்கிப்போகிற நிலைமையில இருந்தது. செலவைக் குறைக்கிறோம்னு சொந்தமா கேம் வெளியிடுற வேலையில இருந்தும் ஒதுங்கினாங்க. அந்தப் பிரிவிலிருந்து வெளியே வந்த சிலர் ஜயன்ட் இன்டராக்டிவ்னு தனிக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்துல இருந்த டிராவலர்ஸ் டேல்ஸ் கம்பெனிகிட்ட வேலையைக் கொடுத்து 2005ல 'லெகோ ஸ்டார் வார்ஸ்' கொண்டுவந்தாங்க. வேடிக்கை என்னன்னா, அதுல இருந்த மூணாவது படம் அப்போ தியேட்டருக்கே வரலை. கேம்தான் முதல்ல வந்தது.

அந்த கேம்ல யாரும் பேச மாட்டாங்க. முனகுவாங்க, தோளைக் குலுக்குவாங்க, கண்ணை உருட்டுவாங்க, அவ்வளவுதான். ஊமைப்படம் மாதிரி. அடிபட்டா ரத்தம் கிடையாது, பொம்மை துண்டு துண்டா சிதறும். கையில இருக்கிற லெகோ காசுல கொஞ்சம் போகும், அடுத்த நொடி அதே ஆள் திரும்ப வந்து நிப்பான். தோத்துட்டோம்னு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. இன்னொருத்தர் நடுவுல வந்து பட்டனை அமுக்கினா ஆட்டத்துல சேர்ந்துக்கலாம், வேணாம்னா விலகிக்கலாம். அடுப்படியில இருந்து அம்மா வந்து ரெண்டு நிமிஷம் ஆடிட்டுப் போகலாம். இன்னைக்குச் சாதாரணமாத் தெரியுது. என்னைக் கேட்டா, இந்த வரிசையோட பெரிய கண்டுபிடிப்பே இதுதான்.

ஆரம்பத்துல ஒரு தொல்லை இருந்தது. ரெண்டு பேரும் ஒரே திரைக்குள்ள இருக்கணும். ஒருத்தர் முன்னாடி ஓடினா இன்னொருத்தர் இழுபடுவார். எத்தனை வீட்டுல சண்டை வந்திருக்குமோ! 2009ல வந்த 'லெகோ இண்டியானா ஜோன்ஸ் 2'லதான், தள்ளிப் போனா திரை தானா ரெண்டாப் பிரியற வசதி வந்தது.

இப்போ 2012க்கு வருவோம். அந்த வருஷம் வந்த லெகோ பேட்மேன் ரெண்டாம் பாகத்துல பொம்மைங்க வாயைத் திறந்து பேச ஆரம்பிச்சாச்சு. அதுக்குக் குரல் கொடுக்க நடிகர்களை வச்சாங்க. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்ல வேற வழி. படத்தோட வசனத்தையே எடுத்துப் போட்டாங்க. இயன் மெக்கெல்லன் குரல், எலைஜா வுட் குரல், பின்னாடி ஹோவர்ட் ஷோரோட இசை. எல்லாம் படத்துல கேட்டது அப்படியே.

இது தப்புன்னுதான் நான் நினைச்சேன். ஊமையா இருந்தவரைக்கும் அந்த பொம்மைங்களுக்கு மொழி தேவைப்படலை. பேச ஆரம்பிச்சதும் இங்கிலீஷ் தெரிஞ்சாத்தான் புரியும்னு ஆயிடுச்சே. அப்புறம் அக்கா பையன்கூட உட்கார்ந்து போரோமிர் சாகிற கட்டத்துக்கு வந்தோம். குரல் ஷான் பீனோடது, படத்துல இருக்கிற அதே வேதனை. ஆனா பொம்மை மேல வந்து குத்துறதுல ஒண்ணு வாழைப்பழம்! பையன் விழுந்து விழுந்து சிரிச்சான். எனக்குத் தொண்டை அடைச்சது, ஏன்னா நான் படம் பார்த்தவன். காதுக்கு ஒரு கதை, கண்ணுக்கு ஒரு கதை. ஒரே சோபாவுல ரெண்டு வயசுக்காரங்களும் ஆளுக்கொரு காட்சி பார்த்தோம். அன்னைக்கு என் எண்ணத்தை மாத்திக்கிட்டேன்.

கிம்லி விஷயம் இன்னும் ஜோர். படத்துல தன்னை யாரும் தூக்கி எறியக் கூடாதுன்னு அந்தக் குள்ளன் ரோஷமாச் சொல்வான், அது ஒரு சின்ன நகைச்சுவை. கேம்ல அவனைத் தூக்கி எறிஞ்சாத்தான் விரிசல் விட்ட தரை உடையும், வழி திறக்கும். பையன் கிம்லி, நான் எறியறவன். "மாமா, இன்னொரு தடவை!" வழி திறந்த பிறகும் விடலை. அதே மாதிரி சாம். படத்துல ஃப்ரோடோவுக்குப் பின்னாடி நடக்கிற தோட்டக்காரன். கேம்ல கயிறு அவன்கிட்ட, நெருப்பு மூட்டுறது அவன், மண்ணைத் தோண்டுறதும் அவன்தான். அவனை விட்டுட்டு நகரவே முடியாது.

படம் ஒரே வெட்டுல தாண்டிப் போற தூரத்தையெல்லாம் இதுல நடந்தே போகலாம். ஹாபிட்டன்ல கிளம்பி மோர்டோர் வரைக்கும் நாங்க ரெண்டு ஞாயிற்றுக்கிழமை நடந்தோம்.

அடுத்து 2014 ஏப்ரல்ல 'லெகோ தி ஹாபிட்'. கதை சொல்ற குரல் கிறிஸ்டோபர் லீ. சாருமானா நடிச்சவர், அப்போ 90 வயசைத் தாண்டியிருந்தார். 2015 ஜூன்ல காலமானார். அந்தக் குரலுக்காகவே விளையாடலாம். ஆனா கேம் வந்தப்போ ஜாக்சனோட மூணாவது ஹாபிட் படம் வரலை, அது டிசம்பர்ல வந்தது. அதனால கேம்ல முதல் ரெண்டு படக் கதைதான். மிச்சத்தைப் பின்னாடி தனியாத் தருவாங்கன்னு எதிர்பார்த்தாங்க. வரவே இல்லை. 2019 ஆரம்பத்துல இந்த ரெண்டு கேமும் இணையக் கடைகள்ல இருந்தே காணாமப் போயி, அப்புறம் திரும்பி வந்தது. டிஸ்க் வச்சிருந்தவங்களுக்குக் கவலை இல்லை.

ஸ்டார் வார்ஸ்ல படத்தை முந்திக்கிட்டு வந்த அதே கேம் வரிசை, இங்க படத்துக்குக் காத்திருக்காமப் போய் பாதியில நின்னுடுச்சு. ஸ்மௌக்ங்கிற டிராகன் மலையை விட்டுப் பறந்து ஊரைக் கொளுத்தக் கிளம்பும். அங்கேயே முடிஞ்சிடும்.

பையன் கண்ட்ரோலரைக் கீழ வைக்கலை. "மாமா, அந்த ஊரு என்னாச்சு?" மூணாவது படத்தைப் போட்டுக் காட்டலாம்தான், ஆனா அது அவன் வயசுக்கு இல்லைன்னு அக்கா உறுதியாச் சொல்லிட்டா. அதனால அன்னைக்கு ராத்திரி அவன் பக்கத்துல படுத்துக்கிட்டு மிச்சக் கதையை நானே சொன்னேன். டிராகன் மேல அம்பு பாயற இடத்துல நிறுத்திக் கேட்டான்: "அம்பா, வாழைப்பழமா?"