ஸாஹிராவின் பழைய மாணவர்களும் பழைய மாணவரல்லாதவர்களும்

கிருலப்பனையில் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் ஹாஜியார் ஒருவர், சென்ற ரமழானுக்குச் சில நாட்களுக்கு முன் மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார். மருதானை ஸாஹிராக் கல்லூரியின் பழைய மாணவர். அவருடைய வகுப்பு நண்பர்கள் ஒன்றுகூடல் ஒன்று வைக்கப் போகிறார்களாம். அதற்கொரு மலரும் வெளிவரப் போகிறதாம்.

“சேர், எங்கட கொலேஜ்ல படிச்சவங்கட சாதனை எண்டு ஒரு கட்டுரை எழுதித் தாங்க. மந்திரிமார் எத்தின பேர், டொக்டர்மார் எத்தின பேர், ஃபுட்போல், ரக்பி எல்லாம் வரணும். பழைய பாரம்பரியத்தத் திரும்பக் கொண்டு வரணும் எண்டுதான் எங்களுக்கு ஆசை.”

நான் ஸாஹிராவில் படித்தவனல்லன். இருந்தாலும் தமிழ் சிறப்புப் பட்டத்துக்குப் படித்த நாட்களிலிருந்தே அந்தக் கல்லூரியின் பெயர் என்னைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறது. ஒப்புக்கொண்டேன். பட்டியலைத் தொடங்கிய பிறகுதான் ஒரு விடயம் கண்ணில் பட்டது. ஸாஹிராவை ஸாஹிராவாக ஆக்கியவர்களில் முதன்மையான நால்வரை எடுத்துக்கொண்டால், அவர்களில் ஒருவர்கூட அதன் பழைய மாணவரல்லர். ஹாஜியார் சொல்லும் பாரம்பரியம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதற்குள்தான் விடை இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

தொடங்கியவர்கள்

முதலாமவர் அறிஞர் சித்தி லெப்பை. 1838இல் கண்டியில் பிறந்தவர், சட்டத்தரணி. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் வெளிவந்த அவருடைய ‘அசன்பே சரித்திரம்’ இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று எண்ணப்படுகிறது. இலக்கிய மாணவர்களுக்கு அவர் நாவலாசிரியர். அவருக்கோ பள்ளிக்கூடம்தான் வாழ்க்கைப் பணி. அக்காலத்தில் ஆங்கிலப் பாடசாலை என்றால் பெரும்பாலும் மிஷனரிப் பாடசாலை. பிள்ளையை அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்ற பயத்தில் நம்மவர்கள் ஒதுங்கி நின்றார்கள். மார்க்கமும் போகாமல் படிப்பும் போகாமல் இருக்க நாமே பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்று சித்தி லெப்பை ஓயாமல் எழுதினார், பேசினார்.

அதே காலத்தில், 1883இன் தொடக்கத்தில், ஆங்கிலேயரால் நாடுகடத்தப்பட்டு இங்கு வந்து சேர்ந்தார் எகிப்தின் ஒறாபி பாஷா. தோற்றுப்போன ஒரு படைத்தலைவர், தமக்குச் சொந்தமில்லாத ஊரில், பிறர் பிள்ளைகளின் படிப்புக்காகக் குரல் கொடுத்தார். கல்லூரியின் பக்கத்து வீதி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மூன்றாவது பெயர் வாப்பிச்சி மரைக்கார். கட்டட ஒப்பந்தக்காரர். 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலை அவர் கட்டியது. அதற்காக என்ன கைம்மாறு வேண்டும் என்று தேசாதிபதி கிரெகரி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைத்தால் போதும் என்று அவர் சொன்னதாக நம் பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். தனக்கென்று எதையும் கேட்கவில்லை, ஜும்ஆவுக்காகக் கேட்டார். அந்த மனிதர்தான் சித்தி லெப்பையின் எண்ணத்துக்குக் கல்லும் சுண்ணாம்பும் காசும் கொடுத்தவர்.

1892 ஆகஸ்ட் 22ஆம் திகதி, மருதானைப் பள்ளிவாசலின் நிழலில் ‘அல் மத்ரஸத்துஸ் ஸாஹிரா’ ஆரம்பமாயிற்று. எழுதத் தெரிந்தவர் எழுதினார். கட்டத் தெரிந்தவர் கட்டினார். இரண்டும் இல்லாமல் நாடிழந்து நின்றவர் தன் பெயரையும் மதிப்பையும் கொடுத்தார்.

ஜாயாவும் அஸீஸும்

அடுத்த முப்பது வருடங்கள் கல்லூரி மெல்ல ஊர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 1921இல் அதிபராக வந்தார் டி. பி. ஜாயா. கலகெதரையில் பிறந்த மலாய்க்காரர். ஸாஹிராவுக்கு வருமுன் பௌத்த பாடசாலையான ஆனந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். ஆனந்தாவும் மருதானையில்தான். அங்கே பௌத்தர்கள் தங்கள் கல்லூரியை எப்படி வளர்க்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர் இங்கே வந்து அந்த வேலையைச் செய்தார். 27 வருடங்கள் அதிபராக இருந்தார். கம்பளை, மாத்தளை, அளுத்கமை, புத்தளம் என்று ஸாஹிராவின் பெயரில் கிளைகள் எழுந்தது அவருடைய காலத்தில். கொழும்புக்கு வர முடியாத பிள்ளையிடம் கல்லூரியே போகட்டும் என்பதுதான் அதன் பொருள். சட்டநிரூபண சபையிலும் அரசாங்க சபையிலும் இருந்த ஜாயா, 1947இல் சுதந்திர இலங்கையின் வாசலில் நின்ற முதல் அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சரானார். 1960இல் மதீனாவில் மௌத்தானார்.

1948இல் அவருடைய இடத்துக்கு வந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். படித்தது வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும். சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது இலங்கை முஸ்லிம் அவர்தான். யுத்த காலத்தில், 1942இல், கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது வயலைப் பார்த்தார். அதே கண்ணால் வயலில் நின்ற பிள்ளைகளையும் பார்த்தார். அந்த அனுபவத்தின் பலன்தான் 1945இல் அவர் தொடங்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று காசில்லாத காரணத்தால் படிப்பை விடக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

சிவில் சேவை என்றால் அன்று நாட்டிலேயே உச்சமான உத்தியோகம். பெண் கொடுப்பவர்கள் வரிசையில் நிற்பார்கள். அதை உதறிவிட்டு ஒரு பாடசாலை அதிபராக வருவது அன்றைக்கும் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்திருக்கும். அஸீஸ் வந்தார். 13 வருடங்கள் இருந்தார். அந்தப் பதின்மூன்றையும் ஸாஹிராவின் பொற்காலம் என்று பழையவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

சைவப் பாடசாலைகளில் படித்து வந்த முஸ்லிம் ஒருவர் முஸ்லிம் கல்லூரிக்கு அதிபர். அந்தக் கல்லூரிக்குக் கரவெட்டியிலிருந்து ஓர் இந்து மாணவன் வருகிறான். அவன்தான் பின்னாளில் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. ஸாஹிராவில் படித்து, பேராதனைப் பல்கலைக்கழகம் போய், திரும்பவும் ஸாஹிராவிலேயே ஆசிரியராகவும் இருந்தார். தமிழ் இலக்கிய விமர்சனத்தில் இரண்டு தலைமுறையைப் பாதித்த ஒருவர் மருதானையின் முஸ்லிம் கல்லூரியில் உருவானார் என்பது எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்?

அஸீஸ் காலத்து ஆசிரியர்களில் இன்னொருவர் எம். எம். உவைஸ். பாணந்துறைக்காரர். முஸ்லிம்கள் தமிழில் என்ன செய்திருக்கிறார்கள் என்று சுவாமி விபுலாநந்தர் கேட்டுத் தூண்டிவிட்டதால் அந்தத் துறைக்குள் இறங்கியவர். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு என்ற பொருளில் முதுகலைமாணிப் பட்ட ஆய்வை முடித்தார். சீறாப்புராணம் ஒன்றைத் தவிர வேறொன்றும் அறியாமலிருந்த கற்றோர் உலகுக்கு, ஒரு பெரும் நூற்பரப்பையே காட்டினார். பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராகவும் இருந்தார். அவர் அஜ்மல்கானுடன் சேர்ந்து எழுதிய ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு’ தொகுதிகளைப் பல்கலைக்கழக நூலகத்தில் புரட்டிய நாளில்தான், நான் படிக்கும் தமிழில் எனக்கும் ஒரு பூர்வீக வீடு இருக்கிறது என்று உணர்ந்தேன்.

அஸீஸே எழுத்தாளர். ‘இலங்கையில் இஸ்லாம்’ அவர் எழுதியது. செனற் சபை உறுப்பினராக இருந்துகொண்டே, 1956இல் சிங்களம் மட்டும் என்ற கொள்கையை ஏற்க முடியாமல் தம்மை நியமித்த கட்சியை விட்டு விலகினார். வீட்டில் தமிழ் பேசி, வெளியே அது எங்கள் மொழியல்ல என்று சொல்லும் சங்கடம் அவரிடம் இருக்கவில்லை.

பட்டியலும் ஒரு முரணும்

ஹாஜியார் கேட்ட பட்டியலும் இருக்கிறது. 1978 முதல் 1983 வரை பாராளுமன்ற சபாநாயகராக இருந்த எம். ஏ. பாக்கீர் மாக்கார் ஸாஹிராவின் பிள்ளை. கல்வி அமைச்சராக இருந்த கலாநிதி பதியுதீன் மஹ்மூதும் அங்கே படித்து, பிறகு அலிகார் போனவர். கம்பளை ஸாஹிராவின் அதிபராகவும் இருந்தவர்.

இங்கேதான் ஒரு முரண். உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் சட்டங்கள் 1960, 61ஆம் ஆண்டுகளில் வந்தபோது, அந்த அமைச்சில் இருந்தவர் பதியுதீன் மஹ்மூத். பழைய மாணவர் கொண்டுவந்த மாற்றம் தாய்க் கல்லூரியின் வாசலுக்கும் வந்தது. அஸீஸ் 1961இல் அதிபர் பதவியை விட்டுப் போனார். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. அரசாங்கம் பொறுப்பேற்றதால் நம் கிராமத்துப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்கள் வந்தார்கள், கட்டடம் வந்தது. என் போன்றவர்கள் ஆசிரியரானதும் அந்த வழியால்தான். ஆனால் “இது நம்முடைய பாடசாலை, இதன் கூரை ஒழுகினால் நாம்தான் பார்க்க வேண்டும்” என்ற எண்ணம் அதோடு தளர்ந்தது. பின்னர் ஸாஹிரா நிருவாக சபையொன்றின் கீழ், அரசாங்க உதவி பெறும் பாடசாலையாகத் திரும்பவும் ஆனது. சட்டத்தால் திரும்பியது நிருவாகம். மனம் திரும்பியதா என்பதைப் பழைய மாணவர்கள்தான் சொல்ல வேண்டும்.

எதைப் புதுப்பிப்பது?

இன்று பாரம்பரியத்தைப் புதுப்பிப்பது என்றால் நடைபவனி, ரீ-ஷேர்ட், இராப்போசனம், ஆண்டுவாரியாக ஒரு வட்ஸ்அப் குழு. இவற்றை நான் குறை சொல்லவில்லை. நாற்பது வருடம் காணாத கூட்டாளியைக் கட்டிப் பிடிப்பதும் ஒரு நன்மைதான். ஆனால் சித்தி லெப்பைக்கும் வாப்பிச்சி மரைக்காருக்கும் ஜாயாவுக்கும் அஸீஸுக்கும் ஸாஹிராவில் வகுப்புத் தோழர் எவரும் இல்லை. தாம் படிக்காத பள்ளிக்கூடத்துக்கு, தாம் காணாத பிள்ளைகளுக்காகக் கொடுத்தார்கள். ஸாஹிராவின் மூத்த பாரம்பரியம் அதுதான்.

அதைப் புதுப்பிப்பதென்றால் எனக்கு மூன்று காரியங்கள் தோன்றுகின்றன. ஒன்று, ஒவ்வொரு ஆண்டுக் குழுவும் ஒரு பிள்ளையின் உயர்தரப் படிப்பை இரண்டு வருடத்துக்குப் பொறுப்பேற்பது. அந்தப் பிள்ளை எந்தப் பாடசாலையில் படித்தாலும் சரி. இரண்டு, பழைய அறிக்கைகள், சஞ்சிகைகள், படங்களை ஓரிடத்தில் சேர்ப்பது. அஸீஸிடம் படித்த மூத்தவர்களை இப்போதே உட்கார வைத்துப் பேசவைத்துப் பதிவு செய்வது. ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஓர் அலுமாரி நிறையச் செய்தி மண்ணுக்குள் போகிறது. மூன்று, தமிழுக்கு ஒரு மன்றம். சிவத்தம்பியும் உவைஸும் நடந்த வளவில் மாணவர் எழுதும் ஒரு கையெழுத்துச் சஞ்சிகையாவது இருக்கட்டும். சென்ற தவணை என் வகுப்பில் “சித்தி லெப்பை யார்?” என்று கேட்டேன். “கண்டியில ஒரு ஸ்கூல்ட பேர், சேர்” என்று பதில் வந்தது. பிள்ளை சொன்னது பிழையுமில்லை. நாம் அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

அதே வகுப்பில் இன்னொரு மகன் இருந்தான். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு. அடுத்த மாதம் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடைக்குப் போகப் போகிறேன் என்றான். வாப்பாவுக்குச் சுகமில்லை. டியூஷனுக்கும் பஸ்ஸுக்கும் காசில்லை.

எழுதியதை ஹாஜியாரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். நேரம் எடுத்தது. பட்டியல் சின்னதாக இருக்கிறது என்று குறைப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

“சேர், நான் ஹொஸ்டல்ல நிண்டு படிச்சவன். வாப்பாக்கு ஃபீஸ் கட்ட வசதி இல்ல. யாரோ ஒரு யாவாரி கட்டினார். ஆர் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டாங்க.”

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, “அந்தக் கடைக்குப் போகப் போற புள்ளட வாப்பாட நம்பர் உங்களிட்ட ஈக்கா?” என்று கேட்டார். கொடுத்தேன். மலரில் தன் பெயரைப் போட வேண்டாம் என்றும் சொன்னார். ஆகவே இந்தக் கட்டுரையிலும் நான் போடவில்லை.