பயணமும் காப்புறுதியும்: இடரைச் சுமந்தோர் யார்?

மனிதன் தன் ஊரெல்லையைக் கடந்து செல்லத் தொடங்கிய நாள் முதலாக இடரும் அவனோடு உடன்சென்று வந்துள்ளது. கடலும் காடும், கள்வரும் நோயும் பயணிகளை அச்சுறுத்தின. இவ்விடர்களை நீக்க மனிதனால் முடியாதிருந்தபோதும், அவற்றால் விளையும் நட்டத்தை யார் சுமப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக் கொள்ள அவன் முயன்றான். அம்முயற்சியின் வரலாறே காப்புறுதியின் வரலாறு எனலாம்.

இன்று வெளிநாடு செல்லும் மாணவரும் தொழிலாளரும் பயணக் காப்புறுதிப் பத்திரம் ஒன்றினைப் பெற்றே புறப்படுகின்றனர். பல நிறுவனங்களின் பத்திரங்களை ஒப்புநோக்குவோர் பெரும்பாலும் கட்டுப்பணத்தின் தொகையை மட்டுமே நோக்குகின்றனர். பத்திரத்திலுள்ள வாசகங்கள் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆயின், அவ்வாசகங்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு நீண்ட வழக்கோ, ஒரு கப்பலின் அழிவோ, ஒரு வர்க்கத்தின் நலனோ மறைந்து கிடக்கின்றது. இடரை யார் சுமந்தார், யார் அதனைப் பிறர் தலையில் ஏற்றினார் என்னும் வினாவினை முன்வைத்து அவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாபிலோனிய மன்னன் ஹமுராபியின் சட்டத்தொகுதியிலேயே இவ்வினாவுக்கு ஒரு விடை காணப்படுகின்றது. வணிகனிடம் பொருள் பெற்றுச் சென்ற முகவன் வழியிற் பகைவரிடம் அதனைப் பறிகொடுப்பானாயின், தெய்வத்தின் முன் சத்தியஞ் செய்து அக்கடனினின்றும் விடுபடலாம் என அச்சட்டம் கூறிற்று. வழியின் இடர் பொருள் கொடுத்தவனையே சார்ந்தது, வழிநடந்தவனைச் சார்ந்ததன்று.

கிரேக்கர் இக்கருத்தினைக் கடல்வாணிபத்திற் பெரிதும் வளர்த்தெடுத்தனர். கப்பல் கரைசேர்ந்தால் கடன் வட்டியோடு திரும்பும்; கப்பல் அமிழ்ந்தால் கடனும் அதனோடு அமிழ்ந்துவிடும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இத்தகைய ஒப்பந்தம் ஒன்றின் வாசகம் டெமொஸ்தெனிஸின் உரைத்தொகுதியில் இடம்பெற்று இன்றும் நமக்குக் கிடைக்கின்றது. ஏதென்சிலிருந்து கருங்கடற் பகுதிவரை சென்று மீளும் பயணத்திற்காக 3,000 திராக்மா கடன் பெறப்பட்டது. ஆயிரத்துக்கு 225 திராக்மா வட்டி. குறித்த விண்மீனின் உதயத்தின் பின்னர், அதாவது புயற்காலம் நெருங்கியபின் மீள்வதாயின், அவ்வட்டி 300 ஆக உயரும். பருவத்தின் இடருக்கேற்ப விலை மாறுவதை இங்கு காண்கின்றோம். இதனினும் மனங்கொள்ளத்தக்கது பிறிதொன்று. புயலிற் கப்பலைக் காக்கும் பொருட்டுப் பயணிகள் கூடி முடிவு செய்து கடலில் எறியும் பொருளும், பகைவருக்குக் கொடுக்க நேரும் பணமும் மட்டுமே கடனிற் கழிக்கப்படும் என அவ்வொப்பந்தம் வரையறுத்தது. எவ்விழப்பு ஏற்கப்படும், எவ்விழப்பு ஏற்கப்படாது எனப் பிரித்துரைக்கும் வழக்கம் இற்றைக்கு 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே நிலைபெற்றுவிட்டது.

இந்தியப் பெருநிலத்திலும் இவ்வுணர்வு நிலவிற்று. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் நூறு பணத்துக்கு மாதமொன்றுக்கு ஒன்றேகாற் பணமே அறநெறிப்பட்ட வட்டி என்கின்றது. வணிகருக்கு ஐந்தும், காட்டுவழி செல்வோருக்குப் பத்தும், கடல்வழி செல்வோருக்கு இருபதும் என விதிக்கின்றது. காட்டினும் கடல் இருமடங்கு கொடியது என்னும் கணிப்பு இதிலே தெளிவாகின்றது. கடற்பயணத்திற்குக் கடன் திரட்டும் வழக்கம் தமிழகக் கரையையும் தொட்டு நின்றது. வியன்னாவிற் பேணப்படுவதும் 1985இல் வெளியிடப்பட்டதுமான கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பப்பிரசு ஏடு ஒன்று முசிறித் துறைமுகத்தோடு தொடர்புடைய கடன் ஒப்பந்தத்தைக் குறிப்பிடுகின்றது. ‘ஹெர்மப்பொல்லோன்’ என்னும் கப்பலிற் கங்கைச் சமவெளியின் நறுமணப் பொருளும் யானைத் தந்தமும் ஏற்றிவரப்பட்டமையை அவ்வேடு காட்டுகின்றது. சங்ககால முசிறியிற் குவிந்த செல்வத்தின் பின்னணியில் இடரை விலைபேசிய முதலாளிகள் இருந்தனர் என்பது இதனாற் புலனாகும்.

ஆயின், கப்பல் உடைந்தபின் அதன் பொருள் யாரைச் சாரும் என்பது கடன்கொடுத்தோர் மட்டும் தீர்மானித்த விடயமன்று. அரசும் அதிற் பங்கு கோரிற்று. இதற்குச் சிறந்த சான்று நம் நாட்டிலேயே உள்ளது. நயினாதீவிற் காணப்படும் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) தமிழ்ச் சாசனம் ஊராத்துறைக்கு, அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பு உறுதி செய்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலிலொன்று பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவனுக்கு. வணிகப் பொருள் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் செம்பாகம் பண்டாரத்துக்கு, செம்பாகம் உடையவனுக்கு என அச்சாசனம் வகுக்கின்றது. படைக்கு வேண்டிய யானை குதிரைகளைக் கொணர்வோருக்கு மன்னன் கூடுதற் சலுகை அளித்தமை வெளிப்படை. காகதீய மன்னன் கணபதிதேவன் 13ஆம் நூற்றாண்டில் மோட்டுப்பள்ளியிற் பொறித்த அபய சாசனம், முன்னைய மன்னர் உடைந்த கப்பல்களின் பொருளைக் கவர்ந்து வந்தமையைக் கூறி, தாம் உரிய சுங்கத்தையன்றி வேறெதனையும் கொள்வதில்லை என உறுதியளித்தது. கடற்கரை மன்னரின் கருணை உரை என மட்டும் இவற்றைக் கொள்ளுதல் பொருந்தாது. துறைமுகங்களுக்கிடையே போட்டி நிலவிய காலத்தில், எத்துறையில் இறங்கினால் இழப்புக் குறைவு என வணிகர் ஒப்புநோக்கியே சென்றனர் என்பதையும் இவை உணர்த்துகின்றன.

இன்றைய வடிவிலான காப்புறுதி இத்தாலிய நகரங்களிலே தோன்றியது. கடல்வழிக் கடனுக்குப் பெறும் மிகைவட்டியும் வட்டிக் கொடுமையே எனப் பாப்பரசர் ஒன்பதாம் கிரகரி 1234இல் வெளியிட்ட ஆணைத்தொகுதி கண்டித்தது. கடனையும் இடரையும் பிரித்து, இடருக்கு மட்டும் தனிவிலை குறிக்கும் வழியினை வணிகர் நாடியமைக்கு இது ஒரு காரணம் என்பர் வரலாற்றாசிரியர். 1347இல் ஜெனோவாவில், மயோர்க்காத் தீவுக்குச் செல்லவிருந்த கப்பலுக்காக எழுதப்பட்ட பத்திரம் காப்புறுதி ஒப்பந்தங்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தொழிலின் மையம் இலண்டனுக்குப் பெயர்ந்தது. எட்வேட் லொயிட் என்பாரின் கோப்பிக்கடையிற் கூடிய வணிகர் கப்பற் செய்திகளைப் பரிமாறி, பத்திரத்தின் அடியிலே தத்தம் பெயரையும் ஏற்கும் தொகையையும் எழுதி இடரைப் பங்கிட்டனர். பேரரசு விரிய விரிய இத்தொழிலும் விரிந்தது. தமக்குத் தொடர்பற்ற கப்பல்மீதும், அறிமுகமற்ற மனிதரின் உயிர்மீதும் பணங்கட்டிச் சூதாடுவோரும் பெருகினர். 1745ஆம், 1774ஆம் ஆண்டுச் சட்டங்கள் இதனைத் தடுத்து, காப்புறுதி செய்வோனுக்கு அப்பொருளிலோ உயிரிலோ உண்மையான அக்கறை இருத்தல் வேண்டும் என விதித்தன. 1766இல் சுமாத்திராவிலிருந்த ஆங்கிலக் கோட்டை தொடர்பான வழக்கிலே நீதியரசர் மான்ஸ்பீல்ட் பிரபு, காப்புறுதி என்பது இருதரப்பாரின் நன்னம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டது என்னும் கோட்பாட்டினை நிலைநாட்டினார். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வாயிலாக ஆங்கிலக் கடல்வாணிபச் சட்டம் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது.

அதே மான்ஸ்பீல்டின் மன்றுக்கு 1783இல் வந்த மற்றொரு வழக்கு இத்தொழிலின் கொடிய முகத்தைக் காட்டிற்று. 1781இல் ‘சொங்’ என்னும் அடிமைக் கப்பலில், குடிநீர் போதாது எனக் காரணங்காட்டி 130க்கு மேற்பட்ட ஆபிரிக்கர் உயிரோடு கடலில் எறியப்பட்டனர். கப்பலுடையோர் தலைக்கு 30 பவுண் வீதம் காப்புறுதிப் பணம் கோரினர். மன்றிலே விசாரிக்கப்பட்டது கொலையன்று, சரக்கிழப்பே. முதல் விசாரணையிற் கப்பலுடையோர் வென்றனர். மான்ஸ்பீல்ட் மறுவிசாரணைக்கு ஆணையிட்டார். கப்பலைக் காக்கச் சரக்கினை எறியலாம் என்ற கிரேக்கர் காலத்து நியாயம், மனிதரைச் சரக்காக்கிய சமுதாயத்திலே எவ்வாறு திரிந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. அடிமை வாணிபத்திலே தனக்கிருந்த பங்கிற்காக லொயிட்ஸ் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது.

பொருளுக்கேயன்றிப் பயணஞ் செய்யும் சாதாரண மனிதனுக்கும் காப்புறுதி என்ற நிலை புகையிரத யுகத்திலேயே உருவானது. 1849இல் இங்கிலாந்தின் புகையிரதப் பயணிகள் காப்புறுதிக் கம்பனி பயணச்சீட்டோடு காப்புறுதிச் சீட்டினையும் விற்கத் தொடங்கியது. முதலாம் வகுப்புப் பயணி மூன்று பென்ஸ் கொடுத்து 1,000 பவுணுக்கும், இரண்டாம் வகுப்பினன் இரண்டு பென்ஸ் கொடுத்து 500 பவுணுக்கும், மூன்றாம் வகுப்பினன் ஒரு பென்னி கொடுத்து 200 பவுணுக்கும் காப்புறுதி பெற்றனர். கணக்கிட்டு நோக்குமிடத்து, ஒரு பென்னிக்கு முதலாம் வகுப்பினன் 333 பவுணும், இரண்டாம் வகுப்பினன் 250 பவுணும், மூன்றாம் வகுப்பினன் 200 பவுணுமே பெற்றமை புலனாகும். விலை குறைந்த சீட்டே உண்மையில் விலை கூடிய சீட்டாக அமைந்தது. 1841இல் சொனிங் விபத்தில் மாண்டோர் திறந்த பெட்டிகளிற் பயணஞ் செய்த மூன்றாம் வகுப்புத் தொழிலாளர் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். ஏழை கூடிய இடரையும் சுமந்தான். அதற்குக் கூடிய விலையும் கொடுத்தான்.

அதே காலப்பகுதியிலே தென்னிந்தியாவினின்றும் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த தமிழ்த் தொழிலாளருக்கு அந்த ஒரு பென்னிச் சீட்டும் இருக்கவில்லை. மன்னாரிலிருந்து மாத்தளை வரையிலான காட்டுவழியிலே கொலராவும் பசியும் பலரைப் பலிகொண்டன. தப்பியோரின் பெயரிற் பயணச் செலவு கடனாகக் கங்காணியின் கணக்கில் ஏறிற்று. தொழிலாளி தோட்டம் மாறும்போது அக்கடன் ‘துண்டு’ என்னும் சீட்டிற் குறிக்கப்பட்டு அவனைப் பின்தொடர்ந்தது. 1921இல் ஒழிக்கப்படும் வரை அம்முறை நீடித்தது. கிரேக்க வணிகனின் கடன் கப்பலோடு அமிழ்ந்தது. பாபிலோனிய முகவனின் கடன் சத்தியத்தால் நீங்கிற்று. நம் மலையகத் தொழிலாளியின் பயணக் கடனோ கரைசேர்ந்த பின்னரே அவனைப் பற்றிக்கொண்டது. இடரை ஏற்றவன் எவ்விதப் பயனும் பெறவில்லை. பயன்பெற்றவன் எவ்வித இடரையும் ஏற்கவில்லை.

20ஆம் நூற்றாண்டின் விமானப் பயணம் புதிய சிக்கல்களைத் தோற்றுவித்தது. 1929இன் வார்சோ உடன்படிக்கை, இளம்பருவத்திலிருந்த விமானக் கம்பனிகளைக் காக்கும் பொருட்டு ஒரு பயணியின் இறப்புக்குரிய பொறுப்பினை 125,000 பொற்பிராங்குக்குள் மட்டுப்படுத்தியது. 1999இன் மொன்றியல் உடன்படிக்கையே இக்கட்டினைப் பெரிதும் தளர்த்தியது. எஞ்சிய இடரைப் பயணியே தனிக் காப்புறுதியால் ஈடுசெய்ய வேண்டியிருந்தமையால், அமெரிக்க விமான நிலையங்களிலே நாணயமிட்டுப் பத்திரம் பெறும் இயந்திரங்களும் நிறுவப்பட்டன. 1955இல் டென்வரிலிருந்து புறப்பட்ட விமானமொன்றில், அத்தகைய பத்திரங்களைத் தாயின் பெயரிற் பெற்ற மகன் ஒருவன் அவள் பெட்டியிலே வெடிகுண்டு வைத்து 44 பேரைக் கொன்றான். தாயின் கையொப்பம் இன்மையால் அப்பத்திரங்கள் செல்லுபடியாகவில்லை. 1774ஆம் ஆண்டுச் சட்டம் அஞ்சியது யாது என்பதை இந்நிகழ்ச்சி மீண்டும் உணர்த்திற்று.

2004 முதலாக, செங்கன் நாடுகளுக்குக் குறுகியகால விசாக் கோருவோர் குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான மருத்துவக் காப்புறுதி வைத்திருத்தல் பொதுவிதியாயிற்று. இவ்விதி முதற்கண் காப்பது பயணியையா, அவர் செல்லும் நாட்டின் திறைசேரியையா என்னும் வினா எழுதல் இயல்பே. விசா அலுவலரைத் திருப்திப்படுத்தும் பொருட்டு மிகமலிந்த பத்திரத்தைப் பெறும் மாணவர், தமக்காக அன்றி விதிக்காகவே பணஞ் செலுத்துகின்றார். 2020இன் கொரோனாப் பெருந்தொற்று இதன் விளைவினைப் பலருக்குக் கற்பித்தது. தொற்றுநோய் பல பத்திரங்களில் விலக்கப்பட்டிருந்தது; தொற்று உலகறிந்த செய்தியான பின்னர் பத்திரம் பெற்றோருக்கு அது ‘முன்னறிந்த நிகழ்ச்சி’ எனக் கூறப்பட்டது. புயற்காலம் தொடங்கியபின் வட்டியை உயர்த்திய ஏதென்சு முதலாளியின் தருக்கமே இங்கும் செயற்பட்டது.

எனவே பத்திரங்களை ஒப்புநோக்குவோருக்கு வரலாறு சில அளவுகோல்களைத் தருகின்றது. கட்டுப்பணத்தை மட்டுமன்றி, அதனால் வாங்கப்படும் பாதுகாப்பின் அளவையும் சேர்த்துக் கணித்தல் வேண்டும் என்பது மூன்றாம் வகுப்புப் பயணியின் பாடம். ஏற்கப்படுவன யாவை என்பதற்கு முன்னர் விலக்கப்படுவன யாவை என வாசித்தல் வேண்டும் என்பது கிரேக்க ஒப்பந்தத்தின் பாடம். முன்னர் இருந்த நோயை மறையாது கூறுதல் வேண்டும் என்பது மான்ஸ்பீல்டின் பாடம். நம்பிக்கை இருதரப்பாருக்கும் பொது என்பதும் அவர் தீர்ப்பிலேயே அடங்கும். பிரித்தானியாவில் 2012ஆம் ஆண்டுச் சட்டமே நுகர்வோரின் வெளிப்படுத்தற் கடமையை, வினவப்பட்டதற்குத் தக்க கவனத்தோடு உண்மையுரைத்தல் என்னும் அளவுக்குக் குறைத்தது. நோயுற்றவரையோ இறந்தவரின் உடலையோ தாயகம் சேர்க்கும் செலவு அடங்குமா என வினவுதல், காட்டுவழியிலே கணக்கின்றி மறைந்தோரின் நினைவு நமக்கு விட்டுச்சென்ற பாடமாகும்.

பயணத்தின் இடர் முற்றாக ஒழியப்போவதில்லை. அதனைச் சுமப்போர் யார் என்பதே மாறி வந்துள்ளது. அம்மாற்றம் தானாக நிகழ்ந்ததன்று. வழக்காடியோரும், சாசனம் பொறித்தோரும், சட்டம் இயற்றப் போராடியோரும் அதனை நிகழ்த்தினர். சிறிய எழுத்தில் அச்சிடப்பட்ட அவ்வாசகங்களைப் பொறுமையோடு படித்தறிதலும் அப்பணியின் ஒரு தொடர்ச்சியே ஆகும்.